ஜென்னே: அந்நியர் பெருக வேண்டுமெனத் துஆக் கேட்ட ஊர்

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் வீட்டு முன்கூடத்துச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. மாதத்துக்கு ஒரு பள்ளிவாசல் படம். மக்கா, மதீனா, பைத்துல் முகத்தஸ், இஸ்தான்பூல் என்று போய்க்கொண்டிருந்த படங்களுக்கு நடுவே ஒரு மாதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. வர்ணமில்லை, குப்பாவில்லை, பளிங்கில்லை. தரையிலிருந்து மண் தானாக எழுந்து நின்றது போல ஒரு பெருங்கட்டடம். அதன் சுவரெங்கும் கம்புகள் துருத்திக்கொண்டிருந்தன.

வாப்பா புடவை வியாபாரி. ஊரூராகப் பொட்டணி தூக்கி நடந்து, பிறகு கடை போட்டவர். அந்தப் படத்தைக் கண்டதும் கிட்டப் போய் நின்று பார்த்தார். "இதென்ன மகன், பள்ளியா, கறையான் புத்தா?" என்றார். பள்ளிதான் என்று கீழே எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மண்ணால கட்டினா மழைக்கு என்ன செய்வாங்க?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. மாதம் முடிய உம்மா தாளைக் கிழித்துவிட்டார். கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

அந்தக் கட்டடம் மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டில், ஜென்னே என்னும் ஊரின் பெரிய பள்ளிவாசல். நெடுநாள் கழித்து அதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, பள்ளியைவிட ஊர்தான் என்னை அதிகம் பிடித்துக்கொண்டது. காரணம் அந்த ஊர் கேட்ட மூன்று துஆக்கள்.

மூன்று துஆக்கள்

திம்புக்து நகரில் பிறந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸஅதீ என்ற அறிஞர் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் 'தாரீகுஸ் ஸூதான்' என்ற வரலாற்று நூலை அரபியில் எழுதி முடித்தார். இங்கே 'ஸூதான்' என்பது இன்றைய சூடான் நாடல்ல. கறுப்பர்களின் நாடு என்று அரபிகள் அழைத்த மேற்கு ஆபிரிக்கா. ஸஅதீ 1627 முதல் பத்து வருடம் ஜென்னேயில் ஒரு பள்ளியில் இமாமாக இருந்தவர். ஆகவே ஊரின் பழங்கதைகளை ஊராரின் வாயாலேயே கேட்டவர்.

அவர் சொல்வது இது. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் முடிவில், அதாவது கி.பி. 1200ஐ ஒட்டி, ஜென்னேயின் மன்னர் குன்புரு இஸ்லாத்தைத் தழுவ முடிவுசெய்தார். தன் நாட்டிலிருந்த உலமாக்களையெல்லாம் அழைத்தார். 4,200 பேர் கூடினார்கள். அவர்கள் முன்னிலையில் கலிமாச் சொல்லிவிட்டு, ஊருக்காக அல்லாஹ்விடம் மூன்று விடயங்கள் கேட்கும்படி வேண்டினார்.

முதலாவது: வறுமையாலும் கஷ்டத்தாலும் சொந்த ஊரைவிட்டு இங்கே ஓடி வருகிறவருக்கு, தன் ஊரையே மறந்துபோகும் அளவுக்கு இங்கே செழிப்பும் இலேசும் கிடைக்க வேண்டும். இரண்டாவது: ஊரவர்களைவிட வெளியூரவர்கள் இங்கே அதிகமாக இருக்க வேண்டும். மூன்றாவது: சரக்குக் கொண்டு வருகிற வியாபாரிகளுக்குப் பொறுமை போய், இருந்து அலுத்து, மலிவாக விற்றுவிட்டுப் போக வேண்டும், அதில் ஊரார் இலாபம் காண வேண்டும். மூன்றின் மீதும் பாத்திஹா ஓதினார்கள். பிறகு மன்னர் தன் மாளிகையை இடித்து, அந்த இடத்திலேயே பள்ளிவாசல் எழுப்பினார்.

மூன்றாவது துஆவைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாப்பா இருந்திருந்தால், "யாவாரம் தெரிஞ்ச ராசா" என்று சொல்லியிருப்பார். ஆனால் முதல் இரண்டும் சிரிக்க வைப்பவை அல்ல. பொதுவாக ஒரு மன்னன் எதைக் கேட்பான்? எதிரி அழிய வேண்டும், தன் குலம் பெருக வேண்டும் என்றுதானே. இவரோ அந்நியர் பெருக வேண்டும் என்று கேட்கிறார். ஏன் அப்படி?

அந்த 4,200 என்ற எண்ணை நாம் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அது சொல்லும் செய்தி முக்கியம். அரசன் கலிமாச் சொல்லும் முன்பே அவனது நாடு உலமாக்களால் நிரம்பியிருந்தது. இஸ்லாம் அந்த ஊருக்குப் படையோடு வரவில்லை, சரக்கோடு வந்தது. முதலில் வியாபாரி முஸ்லிமானான், கடைசியில்தான் அரசன்.

உப்பும் பொன்னும் சந்தித்த இடம்

ஜென்னே ஏன் ஒரு வணிக ஊரானது என்பதை விளங்கிக்கொள்ள ஆற்றைப் பார்க்க வேண்டும். நைஜர் ஆறு கினி நாட்டு மலைகளில் பிறந்து, கடலை விட்டு விலகி, வடகிழக்கே சஹாராவை நோக்கி ஓடுகிறது. மாலியின் நடுவில் நிலம் தட்டையாகிவிட, ஆறு பல கிளைகளாகப் பிரிந்து, மழைக்குப் பிந்திய மாதங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளமாக விரிகிறது. கடல் இல்லாத இடத்தில் ஒரு கழிமுகம். நைஜரோடு வந்து சேரும் பானி ஆற்றின் ஓரத்தில், இந்த வெள்ளவெளிக்குள் இருக்கும் மேட்டில்தான் ஜென்னே இருக்கிறது. வெள்ளம் ஏறும் காலத்தில் ஊர் ஒரு தீவு. வற்றிய பிறகும், வெளியூர் வாகனம் பானி ஆற்றை மிதவைப் பாதையில் கடந்தே ஊருக்குள் வர வேண்டும்.

வடக்கே நேர்கோட்டில் சுமார் 350 கிலோமீற்றர் தூரத்தில் திம்புக்து. அது பாலைவனத்தின் விளிம்பு. ஒட்டகம் வந்து நிற்கும் இடம். அதற்கும் வடக்கே சஹாராவின் நடுவில் தகாஸா உப்புச் சுரங்கம். நமது பாவாத மலையில் 1344இல் ஏறிய அதே இப்னு பதூதா, சில வருடங்கள் கழித்து 1352இல் மாலிக்குப் போகும் வழியில் தகாஸாவில் தங்கினார். அங்கே வீடுகளும் பள்ளியும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு, கூரைக்கு ஒட்டகத் தோல் போடப்பட்டிருந்ததை வியந்து எழுதியிருக்கிறார். மரமே இல்லாத அந்த இடத்தில் உப்புத்தான் கல்.

தெற்கே காட்டு நாடுகளில் நிலைமை மறுதலை. பொன் உண்டு, கோலாக் கொட்டை உண்டு, உப்புத்தான் இல்லை. ஒட்டகம் ஒன்று நான்கு உப்புப் பாளங்களைச் சுமந்து திம்புக்து வரை வரும். அதற்குத் தெற்கே ஈரமும் செற்சி ஈயும் ஒட்டகத்தைக் கொன்றுவிடும். ஆகவே பாளங்கள் திம்புக்துவின் துறையான கபாராவில் தோணிக்கு மாறின. தோணி ஆற்றை எதிர்த்து ஜென்னே வரை வந்தது. ஜென்னேயில் சரக்கு மறுபடி இறங்கிக் கழுதை முதுகிலும் மனிதர் தலையிலும் ஏறித் தெற்கே, இன்றைய கானா நாட்டுப் பக்கமிருந்த பித்து வரை போனது. அங்கிருந்து பொன்னும் கோலாவும் அதே வழியால் திரும்பின. தகாஸாவின் உப்புக்காரரும் பித்துவின் பொன்காரரும் சந்திக்கிற சந்தை ஜென்னே என்பதும், இந்த ஊரின் பொருட்டே நாலா திசையிலிருந்தும் வணிகக் கூட்டங்கள் திம்புக்துவுக்கு வருகின்றன என்பதும் ஸஅதீயின் கருத்து. உலகம் திம்புக்துவின் பெயரை நினைவில் வைத்தது. அதன் வயிற்றை நிறைத்தது ஜென்னே. அரிசியும் கருவாடும் ஜென்னேப் பக்கமிருந்துதான் அங்கே போயின.

1828 மார்ச்சில் முஸ்லிம் வேடத்தில் ஜென்னேக்கு வந்து, இங்கிருந்து தோணியில் திம்புக்து போன பிரெஞ்சுக்காரர் ரெனே கையே, பலகைகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டிய பெரிய தோணிகளைக் கண்டு எழுதியிருக்கிறார். ஆணியடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டும் தோணி நம் கரைக்கும் பழக்கமானதுதான்.

இப்போது அந்த மூன்றாவது துஆவுக்கு வருவோம். வெள்ளம் ஏறும்போது பெரிய தோணிகள் வரலாம். வற்றும்போது போய்விட வேண்டும். தவறினால் தோணி சேற்றில் குந்திவிடும், அடுத்த வெள்ளம் வரை காத்திருக்க வேண்டும். தண்ணீர் இறங்க இறங்க வெளியூர் வியாபாரியின் விலையும் இறங்கியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மன்னர் கேட்டதை ஆறு வருடாவருடம் நிறைவேற்றிக் கொடுத்தது.

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வழியால் போனது உப்பும் பொன்னும் மட்டுமல்ல. சரக்கோடு சரக்காக மனிதர்களும் அடிமைகளாக வடக்கே நடத்திச் செல்லப்பட்டார்கள். வணிக ஊர்களின் செழிப்பைப் பற்றிப் பெருமையோடு எழுதும்போது நாம் வேகமாகத் தாண்டிப் போகிற பக்கம் இது. ஊரைவிட்டு ஓடி வந்தவனுக்காகத் துஆக் கேட்ட அதே சந்தையில், ஊரிலிருந்து பிடுங்கி வரப்பட்டவனும் நின்றான். அவனுக்காக யாரும் துஆக் கேட்டதாக நூலில் இல்லை.

பழைய ஜென்னே

மேற்கு ஆபிரிக்காவில் நகரம் என்ற ஒன்று அரபு வணிகர் சஹாராவைக் கடந்து வந்த பிறகே தோன்றியது என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். முஸ்லிம்களாகிய நமக்கும் அதைக் கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. உண்மை அப்படியில்லை.

இன்றைய ஊரிலிருந்து சுமார் 3 கிலோமீற்றர் தூரத்தில் ஒரு மண்மேடு உண்டு. ஜென்னே-ஜெனோ என்று பெயர். பழைய ஜென்னே என்று பொருள். 1977இலும் 1981இலும் ரொடரிக் மக்இன்டொஷ், சூசன் மக்இன்டொஷ் என்ற தொல்லியலாளர் தம்பதி அங்கே அகழ்ந்தார்கள். கி.மு. 250 அளவிலேயே மக்கள் அங்கே குடியிருந்தது தெரியவந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்புக்கு எண்ணூறு வருடங்கள் முன்பு! கி.பி. 9ஆம் நூற்றாண்டில் அது ஏறத்தாழ 33 ஹெக்டெயர் பரப்பும், 2 கிலோமீற்றர் நீளமான சுற்றுமதிலும் கொண்ட நகரம்.

வெள்ளவெளியில் இரும்புக்கல் கிடையாது, அம்மிக்குக் கல் கிடையாது, செம்பு கிடையாது. ஆனால் இவையெல்லாம் மேட்டுக்குள் கிடைத்தன. அப்படியென்றால் அரபிகள் வருமுன்பே அவர்கள் தூரத்து ஊர்களோடு வியாபாரம் செய்திருக்கிறார்கள். கொடுத்தது என்ன? அரிசியும் மீனும். நாம் உண்ணும் ஆசிய நெல் அல்ல. நைஜர் வெளியிலேயே பயிராக்கப்பட்ட ஆபிரிக்க நெல் என்ற தனி இனம்.

அகழ்ந்தவர்களுக்கு அரண்மனை ஒன்று கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக, 4 கிலோமீற்றர் சுற்றுக்குள் ஏறத்தாழ 70 சிறு மேடுகள் இருந்தன. மீன்பிடிப்போர், கொல்லர், நெசவாளர், உழவர் என்று ஒவ்வொரு கூட்டமும் தத்தம் மேட்டில் இருந்து, ஒன்றையொன்று நம்பி வாழ்ந்த ஊர்த்தொகுதி அது என்பது மக்இன்டொஷ் தம்பதியின் விளக்கம். ஒருவர் மற்றவரை விழுங்காமல் பக்கத்தில் இருக்கும் பழக்கம் ஜென்னேக்கு இஸ்லாத்துக்கு முந்திய சொத்து. இன்றும் பானி ஆற்றில் மீன் பிடிப்பவர் போஸோ, மாடு மேய்ப்பவர் ஃபுலானி, நெல் விதைப்பவர் மார்க்கா. ஊருக்குள் எல்லோருக்கும் பொதுவான பேச்சு சொங்காய் மொழி.

கி.பி. 1400 அளவில் பழைய மேடு முற்றாகக் கைவிடப்பட்டது. சந்தை புதிய ஜென்னேக்கு மாறிவிட்டது. அந்தச் சுற்றுவட்டம் எவ்வளவு நெருக்கமாகக் குடியேறியிருந்தது என்பதற்கு ஸஅதீ ஓர் அழகான கதை சொல்கிறார். ஜென்னே நாட்டில் 7,077 கிராமங்கள் அருகருகே இருந்தனவாம். தூரத்து டெபோ ஏரிப் பக்கம் இருக்கும் ஒருவனை மன்னர் அழைக்க வேண்டுமென்றால், ஆள் ஒருவன் ஊர் மதில் வாசலில் நின்று அவன் பெயரைக் கூவினால் போதும். ஒரு கிராமம் கேட்டு அடுத்த கிராமத்துக்குக் கூவ, அழைப்பு அப்படியே கைமாறி அவனிடம் போய்ச் சேருமாம்.

வந்தவரும் போனவரும்

இப்படியான ஊரைப் பிடிக்க யாருக்குத்தான் ஆசை வராது? மாலிப் பேரரசு 99 தடவை படையெடுத்தும் முடியவில்லை என்கிறது அந்த நூல். கடைசியில் சொங்காய் மன்னர் ஸுன்னி அலி, 7 வருடம் 7 மாதம் 7 நாள் முற்றுகையிட்டு, 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஊரை வென்றார். 1591இல் மொரோக்கோப் படை சொங்காயை வீழ்த்த, ஜென்னே அதற்கும் பணிந்தது. ஆட்சி மாறியது, சந்தை நின்றுபோகவில்லை.

சந்தைக்கு வந்தவரோடு கிதாபும் வந்தது, ஓதுபவரும் வந்தார்கள். 1523இல் ஜென்னேயில் பிறந்த முஹம்மது பகயோகோ, வணிகத்துக்குப் பெயர்போன வங்காரா குடும்பத்தவர். திம்புக்து போய்ப் பெரும் ஆலிமானார். அவரிடம் ஓதிய அஹ்மத் பாபா தன் உஸ்தாதைப் பற்றி எழுதும்போது, கிடைத்தற்கரிய கிதாபுகளையும் யார் கேட்டாலும் இரவல் கொடுத்துவிடுவார், திரும்பக் கேட்கவும் மாட்டார் என்கிறார். கையால் பிரதி செய்த கிதாப் பொன்னுக்கு நிகரான விலை பெற்ற காலம் அது. வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர் கணக்குப் பார்க்காமல் கொடுத்த ஒரே சரக்கு அதுதான் போலும்.

ஆனால் வருகிற எல்லோரையும் ஊர் அணைத்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம். ஸஅதீ இன்னொரு சம்பவமும் சொல்கிறார். மோரி மகா கன்கோய் என்ற வெளியூர் ஆலிம் ஜென்னேக்கு வந்து குடியேறினார். மாணவர் திரண்டார்கள். நடுநிசியில் பெரிய பள்ளிக்குப் போய், ஸுப்ஹுத் தொழுகை வரை ஓதிக்கொடுப்பார். ஒருநாள் அதே பள்ளிக்குள் ஒருவர் துஆச் செய்வது அவர் காதில் விழுந்தது: யா அல்லாஹ், இந்தக் கன்கோய் ஊரையே எங்களுக்குச் சிரமமாக்கிவிட்டார், எங்களை அவரிடமிருந்து விடுவிப்பாயாக! அவர் யாரோடும் வாதம் செய்யவில்லை. நான் இவர்களுக்கு என்ன தீங்கு செய்தேன் என்று மனம் நொந்து ஊரைவிட்டுப் போய்விட்டார்.

ஒரே ஊர். அந்நியர் பெருகட்டும் என்று கேட்ட வாயும் அங்கே. அந்நியனை அனுப்பிவிடு என்று கேட்ட வாயும் அங்கே. முதலாவதை எழுதிய அதே பேனாவால் ஸஅதீ இரண்டாவதையும் எழுதினார். ஜென்னேயில் தன் இமாம் பதவியை இழந்து திம்புக்து திரும்பியவர் அவர். அந்தக் கதையை எழுதும்போது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கை வைக்காமல் விழுந்த பள்ளி

1818இல் ஷெய்கு அஹ்மது லொப்போ என்ற ஃபுலானி ஆலிம் மாஸினா வெளியில் ஓர் இஸ்லாமிய அரசை நிறுவினார். ஹம்துல்லாஹி என்று தலைநகருக்குப் பெயர். அவருக்கு ஜென்னே வியாபாரிகளின் மார்க்கம் தளர்ச்சியானதாகத் தெரிந்தது. குன்புருவின் உயர்ந்த பள்ளியும் மனதுக்கு ஒப்பவில்லை. ஊரைக் கைப்பற்றிய பின் அந்தப் பள்ளியை அவர் கடப்பாரையால் இடிக்கவில்லை. கூரையின் தண்ணீர்ப் பீலிகளை அடைத்துவிட்டார்கள், பராமரிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று ஊரார் சொல்லி வருகிறார்கள். மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது.

ரெனே கையே 1828இல் கண்டது அந்த நிலையைத்தான். பள்ளி ஆயிரக்கணக்கான தகைவிலான் குருவிகளின் கூடாகக் கிடந்தது; நாற்றம் தாங்காமல் வெளிமுற்றத்தில் தொழுதார்கள். பக்கத்தில் ஷெய்கு அஹ்மது எளிமையான புதிய பள்ளியை 1830களில் கட்டினார்.

அந்த ஷெய்கைத் தீயவர் என்று எழுத எனக்கு மனமில்லை. தன் விளக்கப்படி அவர் மார்க்கத்தைச் சுத்தம் செய்தார். ஆனால் சுத்தம் செய்தவர்களின் ஆட்சி அரை நூற்றாண்டுகூட நிலைக்கவில்லை. 1862இல் இன்னொரு முஸ்லிம் படைத்தலைவரான அல்-ஹாஜ் உமர் ஹம்துல்லாஹியைக் கைப்பற்றினார். 1893இல் பிரெஞ்சுப் படை ஜென்னேக்குள் வந்தது. ஷெய்கின் பள்ளி இருந்த இடத்தில் பாடசாலை எழுந்தது. குன்புருவின் பள்ளி நின்ற இடத்தில், மேசன்மார் சங்கத்தின் தலைவர் இஸ்மாயிலா த்ரவோரேயின் பொறுப்பில், 1906-1907இல் இன்றைய பெரிய பள்ளி கட்டப்பட்டது. என் வாப்பா கலண்டரில் கண்டது இதைத்தான்.

ஊர் தன் பள்ளியைத் திரும்பப் பெற்றது, வணிகத்தை இழந்தது. நீராவிக் கப்பலுக்கும் பிறகு லொறிக்கும் வசதியான இடம், பானி நைஜரோடு கலக்கும் மொப்தி. சந்தை அங்கே நகர்ந்தது. ஜென்னேக்கு மிஞ்சியது பள்ளி முன்றலில் கூடும் திங்கட்கிழமைச் சந்தை. அது இன்றும் கூடுகிறது.

மழைக்கு என்ன செய்வார்கள்?

வாப்பாவின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம்.

பள்ளி, வெள்ளம் எட்டாதபடி உயர்த்திய மேடையில் நிற்கிறது. கிப்லாச் சுவரில் மூன்று கோபுரங்கள்; உச்சியில் தீக்கோழி முட்டைகள். உள்ளே 90 தடித்த தூண்கள். சுவரில் துருத்தும் கம்புகள் பனங்கட்டைகள். நம்முடைய பனையின் நெருங்கிய உறவான ஆபிரிக்கப் பனையிலிருந்து வெட்டியவை. அழகுக்காக மட்டும் வைத்தவையல்ல. மேசன்மார் ஏறி நின்று வேலை செய்யச் சாரம் அவைதான். அதாவது, கட்டும்போதே ஒவ்வொரு வருடமும் திருத்த வேண்டியிருக்கும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள்.

மழைக்காலத்துக்கு முன்பு, ஆற்றோரக் களிமண்ணை உமியோடு சேர்த்துக் குழிகளில் நீரூற்றிப் பல நாள் புளிக்க வைக்கிறார்கள். சிறுவர்கள் அதற்குள் குதித்து மிதிப்பதே குழைப்பு வேலை. குறித்த நாளில் ஊர் முழுவதும் இறங்கும். பெண்களும் சிறுமிகளும் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமப்பார்கள். இளைஞர்கள் மண் நிறைந்த கூடைகளோடு, எந்தக் குறிச்சி முந்துவது என்று ஓட்டம் ஓடுவார்கள். மேசன்மார் கம்புகளில் தொற்றி நின்று கையாலேயே பூசி இறக்குவார்கள். வயதாளிகள் குந்தியிருந்து பிழை பிடிப்பார்கள். வீடுகளும் அப்படித்தான், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாக ஒரு மேசன் குடும்பம் உண்டு.

சீமெந்து பூசினால் இந்தப் பாடு தேவையில்லையே என்று கேட்கத் தோன்றும். ஜென்னே இளைஞர்களும் கேட்கிறார்கள். 1988இல் ஊர் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பின் வீட்டுக்கு மாபிள் பதிக்கவும் வடிவத்தை மாற்றவும் தடைகள். நாம் அழகு பார்ப்பதற்காக அவர்கள் மண்ணிலேயே இருக்க வேண்டுமா என்ற அவர்களின் கோபத்தில் நியாயமுண்டு. 1996இல் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகை பள்ளிக்குள் ஆடை அலங்காரப் படம் பிடித்துவிட்டுப் போனதிலிருந்து, முஸ்லிமல்லாத பயணிகளுக்குப் பள்ளியின் உள்ளே அனுமதியில்லை. விருந்தாளி வீட்டின் மரியாதையை மறந்தால் கதவு சாத்தப்படும். அது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

இன்று

2012இல் வடக்கு மாலி ஆயுதக் குழுக்களிடம் விழுந்தது. திம்புக்துவின் பழைய ஸியாரங்கள் தூய்மையின் பெயரால் உடைக்கப்பட்டன. ஜென்னே அவர்கள் கைக்குப் போகவில்லை. ஆனால் வெளிநாட்டுப் பயணிகளின் வரவு அறுந்தது. பிறகு சண்டை மத்திய மாலிக்கும் பரவியது. ஒருவர் பக்கத்தில் ஒருவர் வாழ்ந்த மேய்ப்பர்களுக்கும் உழவர்களுக்கும் நடுவே இரத்தம் சிந்தப்பட்டது. 2016இல் யுனெஸ்கோ ஜென்னேயை ஆபத்திலுள்ள மரபுரிமைகளின் பட்டியலில் சேர்த்தது. அந்நியர் பெருகட்டும் என்று துஆக் கேட்ட ஊருக்கு அந்நியர் வரத்துக் குறைந்த காலம் இது.

அப்படியிருந்தும் சில வேலைகள் நிற்கவில்லை. பள்ளிக்கு அருகே ஒரு கைப்பிரதி நூலகம் இருக்கிறது. ஊர்க் குடும்பங்கள் பெட்டிகளில் பூட்டி வைத்திருந்த கிதாபுகளை அங்கே ஒப்படைத்திருக்கிறார்கள். பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு அவற்றைப் படம் பிடித்துப் பாதுகாத்திருக்கிறார்கள். அரபி மட்டுமல்ல, சொங்காய், ஃபுலானி மொழிகளை அரபு எழுத்தில் எழுதிய ஏடுகளும் அவற்றில் உண்டு. அரபுத் தமிழ்க் கிதாபுகளைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் நமக்கு, அதைப் படிக்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கு மண் பூசும் நாளும் தவறவில்லை. பயணிகள் வராத வருடங்களிலும் சிறுவர்கள் குழியில் மிதித்தார்கள், இளைஞர்கள் கூடையோடு ஓடினார்கள்.

நாமும் ஒரு காலத்தில் கப்பலில் வந்திறங்கிய வியாபாரிகளின் வழித்தோன்றல்கள் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறவர்கள். வந்தவனுக்கு இடம் கொடுத்த ஊர்கள் இருந்ததால்தான் நாம் இருக்கிறோம். ஆனால் நமது ஊருக்குள் இன்று வேறொருவன் கடை போட வந்தால், கன்கோயைப் பற்றிக் கேட்ட அந்த இரண்டாவது துஆதான் நம்மில் பலருக்கு முதலில் வாயில் வருகிறது. குன்புரு கேட்டதை நமது ஜும்ஆ மேடையில் யாராவது கேட்டால் எத்தனை பேர் ஆமீன் சொல்வோம்?

வாப்பாவுக்கு நான் சொல்லாமல் போன விடை இதுதான்: மழைக்கு அவர்கள் ஒன்றும் செய்வதில்லை வாப்பா. அது கரைக்கிறதைக் கரைக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அடுத்த வருடம் ஊரெல்லாம் சேர்ந்து மறுபடியும் பூசுகிறார்கள்.